ஜப்பானிய வாசிப்பு எங்கே தடைபடுகிறது: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

ஜப்பானிய மொழியைப் புதிதாகக் கற்பவர்கள் ஒரு பத்தியைப் பாதியில் விட்டு நிற்கும்போது "வாசிக்க வரவில்லை" என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். எழுத்தே அடையாளம் தெரியாமல் நிற்பது வேறு. எழுத்து தெரிந்தும் சொல் எங்கே முடிகிறது என்று தெரியாமல் நிற்பது வேறு. எல்லாச் சொற்களுக்கும் பொருள் தெரிந்தும் வாக்கியம் பிடிபடாமல் நிற்பது முற்றிலும் வேறு. ஒன்றுக்கு உரிய பயிற்சியை இன்னொன்றுக்குச் செய்துகொண்டிருந்தால் உழைப்பு கூடுமே தவிர வாசிப்பு நகராது. ஆகவே முதலில் குறை எந்த அடுக்கில் இருக்கிறது என்று கண்டறிய வேண்டும்.

அதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. ஒலிப்பதிவு உள்ள பாடம் ஒன்றை எடுத்து, நீங்கள் தடைபட்ட வாக்கியத்தைப் புத்தகத்தை மூடிவிட்டுக் கேளுங்கள். கேட்டவுடன் பொருள் விளங்கினால் உங்கள் குறை எழுத்தில் இருக்கிறது. கேட்டும் விளங்காமல், தனித்தனிச் சொற்கள் மட்டும் காதில் விழுந்தால் குறை இலக்கணத்தில் இருக்கிறது. சொற்களே காதில் பிரிந்து விழவில்லை என்றால் ஒலியிலும் சொல்வளத்திலும் இருக்கிறது. இந்த மூன்றில் எது என்று தெரிந்தபின் கீழே உரிய பகுதிக்குச் செல்லலாம்.

ஒரு முன்குறிப்பு. இங்கே ஜப்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தந்திருப்பது சுட்டிக்காட்டுவதற்காக மட்டுமே. மெய் இரட்டித்து வந்தால் ஜப்பானியத்திலும் அது உண்மையாகவே இரட்டிக்கிறது என்று கொள்க. தனித்து வந்தால் இரட்டிக்கவில்லை. இப்படி எழுதுவதில் உள்ள இடரைப் பற்றி இரண்டாம் பகுதியில் விரிவாகச் சொல்லியிருக்கிறேன்.

## எழுத்துகள் ஒன்றுபோலவே தோன்றுகின்றன

ஜப்பானியத்தில் ஒலியைக் குறிக்கும் எழுத்து வகைகள் இரண்டு: ஹிரகனாவில் 46 அடிப்படை எழுத்துகள், பெரும்பாலும் பிறமொழிச் சொற்களை எழுதும் கதகனாவில் 46 எழுத்துகள். இரண்டையும் மனப்பாடம் செய்து முடித்தபின்னும் சில எழுத்துகள் மட்டும் விடாமல் குழப்பும். ஹிரகனாவில் நு–மெ, ரு–ரொ, நெ–ரெ–வ ஆகியவை அப்படிப்பட்டவை. இவற்றில் கடைசியாக எழுதும் பகுதியைப் பாருங்கள். நு, ரு, நெ மூன்றும் ஒரு சிறு சுழியோடு முடியும். அவற்றின் இணைகளுக்குச் சுழி இராது. மூன்று சுழி ண, இரண்டு சுழி ன என்று எழுத்தைச் சுழியால் பிரித்தறிந்து வளர்ந்த கண்ணுக்கு இந்த வேறுபாடு எளிதில் பழகிவிடும். நெ, ரெ, வ மூன்றில் சுழியுள்ளது நெ. வால் வெளிப்புறமாக விலகிச் செல்வது ரெ. உட்புறமாக வளைந்து நிற்பது வ.

கதகனாவில் ஷி, ட்சு, ன், ஸொ என்னும் நான்கும்தான் தொடக்கநிலையில் பெரும் தொல்லை. இவற்றைப் படமாக நினைவில் வைக்க முயல்வதால்தான் குழப்பம் நீடிக்கிறது. இவை கை செல்லும் திசையால் வேறுபடும் எழுத்துகள். ஷி எழுதும்போது இரண்டு சிறு கோடுகள் இடப்புறத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக அமையும். நீண்ட கோடு கீழிருந்து வலப்புறம் மேல்நோக்கி எழும். ட்சு எழுதும்போது சிறு கோடுகள் மேலே பக்கம் பக்கமாக அமையும். நீண்ட கோடு மேலிருந்து இடப்புறம் கீழ்நோக்கி இறங்கும். ஒரு சிறு கோடு மட்டும் இருந்து நீண்ட கோடு மேல்நோக்கி எழுந்தால் ன். கீழ்நோக்கி இறங்கினால் ஸொ. இந்த நான்கையும் பென்சிலால் திசை மாறாமல் எழுதிப் பழகினால், அச்சிலும் கோட்டின் எந்த முனை தடித்திருக்கிறது, எந்த முனை மெலிகிறது என்று கண் தானே கவனிக்கத் தொடங்கும்.

அச்சில் நன்றாக வாசிப்பவர் கையெழுத்தில் தடைபட்டால் அது வேறு குறை. கி, ஸ ஆகிய ஹிரகனா எழுத்துகள் பல அச்சு வடிவங்களில் கீழ் வளைவு மேற்பகுதியோடு ஒட்டியிருக்கும். கையால் எழுதும்போது விட்டு எழுதுவதே வழக்கம். இரண்டும் ஒரே எழுத்து. ஒரே பக்கத்தை இரண்டு மூன்று எழுத்துருக்களில் மாற்றி வாசித்தால் இது தீரும்.

ஹிரகனா சரளமாக வந்து கதகனா மட்டும் எழுத்துக்கூட்டி வருகிறது என்றால், பாடநூல்களில் கதகனா குறைவாகவே வருகிறது என்பதே காரணம். நாடுகளின் பெயர்கள், உணவுப் பட்டியல், மின்கருவிகளின் பெயர்கள் ஆகியவற்றைத் தனியே எடுத்து வாசிக்க வேண்டும். கதகனாச் சொல்லை வாசித்தும் அது எந்தச் சொல் என்று தெரியாவிட்டால், ஜப்பானியத்தில் ன் தவிர மற்ற மெய்கள் தனித்து நிற்கமாட்டா என்பதை நினைவில் கொண்டு, இடையிலும் கடைசியிலும் சேர்ந்துள்ள உ, ஒ ஒலிகளை உருவிப் பாருங்கள். ல எல்லாம் ர ஆகியிருக்கும். பஸ்ஸு, கப்பு என்று நாமும் உகரம் சேர்த்தே பேசுவதால் இது நமக்குப் புதிதல்ல. ஆனால் எல்லாக் கதகனாச் சொல்லும் ஆங்கிலத்திலிருந்து வந்தது என்று எண்ணித் தேடக் கூடாது. ரொட்டியைக் குறிக்கும் பன் போர்த்துக்கீசியச் சொல்; இலங்கைத் தமிழர் பாண் என்று வழங்குவதும் அதே சொல்லிலிருந்து வந்ததுதான். பகுதிநேர வேலையைக் குறிக்கும் அருபைதொ ஜெர்மன் மொழியிலிருந்து வந்தது.

## வாசித்த சொல்லை அகராதியில் தேடினால் வேறு பொருள் வருகிறது

இந்த அறிகுறி தமிழர்களிடம் ஒரு தனிக் காரணத்தால் வருகிறது. கற்கத் தொடங்கும்போது குறிப்பேட்டில் ஜப்பானியச் சொல்லைத் தமிழில் எழுதிப் பக்கத்தில் பொருளை எழுதிக்கொள்கிறோம். ஜப்பானில் இலையுதிர் காலத்தில் பழுக்கும் பழம் ஒன்று உண்டு. அதன் பெயரில் இரண்டு எழுத்துகளும் வல்லோசை உடையவை. சாவியைக் குறிக்கும் சொல்லில் முதல் எழுத்து வல்லோசை. இரண்டாவது, தங்கம் என்பதில் வரும் க-வின் ஒலி. தமிழில் எழுதினால் இரண்டும் ககி. பழத்தின் பெயரில் வல்லோசையைக் காட்ட விரும்பிக் கக்கி என்று எழுதினால், அது சுறுசுறுப்பைக் குறிக்கும் மூன்றாவது சொல்லாகிவிடுகிறது. ஏனெனில் ஜப்பானியத்தில் கக்கி என்பது உண்மையாகவே இரட்டித்த மெய்யுடைய தனிச்சொல். பகல்–பக்கம் என்று, வல்லோசை வேண்டும் இடத்தில் இரட்டிப்பதே தமிழ் எழுத்தின் முறை. ஜப்பானியமோ ஒலிப்பு வேறுபாட்டையும் இரட்டிப்பையும் தனித்தனியாகப் பிரித்துவைத்திருக்கிறது.

எனவே ஹிரகனா வந்தவுடன் தமிழ் எழுத்தில் குறிப்பெடுப்பதை முற்றிலும் நிறுத்திவிட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. ரோமன் எழுத்தில் குறிப்பெடுப்பதும் நீண்ட நாள் உதவாது. ஒலிப்பு வேறுபாட்டை ஹிரகனா எழுத்தின் வலப்புற மேல்மூலையில் இடும் இரண்டு சிறு கோடுகள் காட்டுகின்றன. இரட்டிப்பைச் சிறிய அளவில் எழுதிய ட்சு காட்டுகிறது. கிதெ என்றால் "வந்து"; நடுவில் சிறிய ட்சு வந்து கித்தெ ஆனால் அஞ்சல்தலை.

எழுத்து நமக்கு இடர் தந்தாலும் செவி நமக்குத் துணை. படு–பட்டு, கல்–கால் என்று மெய்யின் இரட்டிப்பாலும் உயிரின் நீளத்தாலும் பொருள் மாறுவதை நாம் பேசும்போதே உணர்கிறோம். ஒபஸன் என்றால் அத்தை அல்லது நடுவயதுப் பெண்மணி. ஒபாஸன் என்றால் பாட்டி. பிரு என்றால் அடுக்குமாடிக் கட்டடம். பீரு என்றால் பீர். இந்த வேறுபாடுகளைக் கேட்கும் செவி ஏற்கெனவே உள்ளது; அதை எழுத்தோடு இணைப்பது மட்டுமே வேலை. ஹிரகனாவில் ஓ என்னும் நெடிலைப் பெரும்பாலும் ஒ-வுக்குப் பின் உ எழுதிக் காட்டுவார்கள். அந்த உ-வைத் தனியே ஒலிக்கக் கூடாது. பெரிய என்னும் பொருளுடைய ஓகீ, தொலைவான என்னும் பொருளுடைய தோஇ போன்ற சில சொற்களில் மட்டும் ஒ-வையே இருமுறை எழுதுவார்கள். ஆசிரியரைக் குறிக்கும் சொல்லின் கடைசியில் எழுதப்படும் இ-யும் அப்படியே: ஸென்ஸெஇ என்று எழுதி ஸென்ஸே என்று வாசிக்கிறார்கள்.

சிறிய எழுத்தைப் பெரிய எழுத்தாக வாசிப்பதும் இதே வகைப் பிழை. யொ சிறியதாக இருந்தால் மருத்துவமனை (ப்யோஇன்). பெரியதாக இருந்தால் அழகு நிலையம் (பியோஇன்). அளவு ஒன்றே வேறுபாடு என்பதால் கண் நழுவிவிடும்.

## சொல் எங்கே முடிகிறது என்று தெரியவில்லை

ஜப்பானிய எழுத்தில் சொற்களுக்கிடையே இடைவெளி இல்லை. "அம்மாவுக்குப் பூ பிடிக்கும்" என்பதை முழுவதும் ஹிரகனாவில் எழுதினால் ஹ என்னும் எழுத்து தொடர்ச்சியாக நான்கு முறை வரும். முதல் இரண்டும் சேர்ந்து ஹஹ, அதாவது அம்மா. மூன்றாவது உருபு, எழுதுவது ஹ, வாசிப்பது வ. நான்காவது, ஹன என்னும் பூவின் முதல் எழுத்து. ஹஹ வ ஹன க ஸுகி என்று பிரித்து வாசித்தால்தான் பொருள் கிடைக்கும். 1946-இல் எழுத்துக்கூட்டலைப் பேச்சொலிக்கு ஏற்பச் சீர்திருத்தியபோது மூன்று உருபுகளை மட்டும் பழைய எழுத்திலேயே விட்டுவைத்தார்கள்: ஹ எழுதி வ என்றும், ஹெ எழுதி எ என்றும், வொ எழுதி ஒ என்றும் வாசிக்கும் உருபுகள் அவை. வொ எழுத்து இன்றைய எழுத்தில் ஏறத்தாழ இந்த உருபுக்காக மட்டுமே வருவதால், அதைக் கண்ட இடத்தில் ஒரு பெயர்ச்சொல் முடிந்துவிட்டது என்று நம்பலாம்.

அதே வாக்கியத்தை, சீனத்திலிருந்து வந்த பொருளெழுத்தான கான்ஜியோடு எழுதினால் தடை மறைந்துவிடும். அம்மாவுக்கு ஒரு கான்ஜி, பூவுக்கு ஒரு கான்ஜி, இடையில் உருபுகள் ஹிரகனாவில். பொருளுடைய பகுதி கான்ஜியில் தொடங்கி, விகுதியும் உருபும் ஹிரகனாவில் வந்து, மீண்டும் கான்ஜி தோன்றும் இடத்தில் பெரும்பாலும் அடுத்த சொல் தொடங்குகிறது. பென்சிலால் உருபுகளை மட்டும் வட்டமிட்டு ஒரு பக்கத்தைப் பிரித்துப் பாருங்கள். சில பக்கங்களுக்குள் வட்டமிடாமலே கண் பிரித்துக்கொள்ளும்.

கான்ஜி கடினம் என்று அஞ்சிச் சிறு குழந்தைகளின் நூலைத் தேடுவோருக்கு இதனால்தான் ஏமாற்றம் நேர்கிறது. அவை பெரும்பாலும் ஹிரகனாவில் இருப்பவை. இடைவெளி விட்டு அச்சிட்டிருந்தாலும், ஜப்பானியக் குழந்தைக்குக் காதால் முன்பே பழகிய ஏராளமான சொற்களும் ஒலிக்குறிப்புகளும் அவற்றில் நிறைந்திருக்கும். வளர்ந்தபின் கற்கத் தொடங்குபவருக்கு அந்தச் செவிவழிச் சொத்து இல்லை.

## ஒரே கான்ஜியை ஒவ்வோரிடத்திலும் ஒவ்வொரு விதமாக வாசிக்க வேண்டியிருக்கிறது

ஞாயிற்றுக்கிழமையைக் குறிக்கும் சொல் நிசியோபி. நடுவில் வருவது யோ, கடைசி பி தம்பி என்பதில் வரும் பி-யின் ஒலியுடையது. இதில் மூன்று கான்ஜிகள் உள்ளன. முதலும் கடைசியும் ஒரே எழுத்து: நடுவே குறுக்குக்கோடு போட்ட நின்ற செவ்வகம், சூரியனையும் நாளையும் குறிப்பது. முதலில் வரும்போது நிசி, கடைசியில் வரும்போது பி. தனியே நின்றால் ஹி. சீனத்திலிருந்து எழுத்தோடு வந்த ஒலி ஒன்று, அதே பொருளுக்கு ஜப்பானியத்தில் முன்பே இருந்த சொல்லின் ஒலி இன்னொன்று. முன்னதை ஒன்யொமி என்றும் பின்னதைக் குன்யொமி என்றும் சொல்வார்கள். சீன ஒலிகளும் வெவ்வேறு காலங்களில் வந்து சேர்ந்ததால் ஒரு கான்ஜிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஒன்யொமிகள் இருக்கலாம்.

இந்த நிலையில் பலரும் ஒவ்வொரு கான்ஜிக்கும் எல்லா ஒலிகளையும் பட்டியலிட்டு மனப்பாடம் செய்கிறார்கள். பட்டியல் ஒப்பிக்க வரும். வாசிக்கும்போது எதைத் தேர்வது என்று தெரியாது. மனப்பாடம் செய்ய வேண்டிய அலகு சொல். நிசியோபி என்னும் சொல்லை முழுதாகக் கற்றவருக்கு முதல் எழுத்தை எப்படி வாசிப்பது என்ற கேள்வியே எழாது. ஒருவர் என்பது ஹிதொரி, இருவர் ஃபுதரி, மூன்று பேர் ஆனால் ஸன்னின் என்று மாறுவதையும், இன்று என்னும் பொருளுடைய க்யோ இரண்டு கான்ஜிகளுக்கும் பிரித்துக் கொடுக்க முடியாத ஒலியாக இருப்பதையும் விதி கொண்டு எட்ட முடியாது. சொல்லாகத்தான் எட்ட முடியும். பொதுவான போக்கு ஒன்று உண்டு: கான்ஜிகள் இணைந்து நின்றால் பெரும்பாலும் ஒன்யொமி, ஒரு கான்ஜி ஹிரகனா வாலோடு நின்றால் பெரும்பாலும் குன்யொமி. ஊகிப்பதற்கு இது போதும்.

கான்ஜிகள் தம்முள் ஒன்றுபோலத் தோன்றிக் குழப்பினால், அவற்றைப் பகுதிகளாகப் பிரித்துப் பாருங்கள். காத்திருத்தல், கையில் வைத்திருத்தல், நேரம் ஆகிய மூன்றுக்கும் உரிய கான்ஜிகளின் வலப்பாதி ஒன்றே. அது கோயிலைக் குறிக்கும் கான்ஜி. இடப்பாதியில் கையைக் குறிக்கும் உறுப்பு இருந்தால் வைத்திருத்தல், சூரியன் இருந்தால் நேரம், நடையைக் குறிக்கும் உறுப்பு இருந்தால் காத்திருத்தல். வலப்பாதி பல நேரங்களில் ஒலியையும் காட்டிக்கொடுக்கும். நீலத்தைக் குறிக்கும் கான்ஜியின் ஒன்யொமி ஸே. அதை வலப்பாதியாகக் கொண்ட வானம் தெளிதல், நீர் தெளிதல் ஆகியவற்றின் கான்ஜிகளுக்கும் ஒன்யொமி ஸே.

அன்றாடப் பயன்பாட்டுக்கென ஜப்பானிய அரசு 2010-இல் திருத்தி வெளியிட்ட பட்டியலில் 2,136 கான்ஜிகள் உள்ளன. அவற்றில் 1,026 தொடக்கப்பள்ளியின் ஆறு ஆண்டுகளுக்குள் கற்பிக்கப்படுகின்றன. ஜப்பானியக் குழந்தைகளே ஆறு ஆண்டு எடுத்துக்கொள்ளும் வேலையைச் சில மாதங்களில் முடிக்க வேண்டும் என்ற அவசரம் வேண்டாம். கான்ஜியின் மேல் சிறு ஹிரகனாவில் ஒலியைத் தரும் ஃபுரிகனா உள்ள நூல்களைத் தயங்காமல் பயன்படுத்துங்கள்.

## எல்லாச் சொல்லும் தெரிகிறது, வாக்கியம் விளங்கவில்லை

இந்தத் தடையில் தமிழர்கள் சிக்கிக்கொள்வதைப் பார்க்கும்போதுதான் எனக்கு மிகுந்த வருத்தம். ஏனெனில் இதைத் தீர்க்கும் கருவி அவர்கள் நாவிலேயே இருக்கிறது. பெரும்பாலான பாடநூல்கள் ஆங்கிலத்தில் விளக்குகின்றன. ஆங்கிலத்தில் விளக்கும்போது ஒவ்வொரு வாக்கியத்தையும் தலைகீழாகப் புரட்ட வேண்டியிருக்கிறது. படிப்பவர் ஜப்பானியத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் புரட்டி, மனத்துக்குள் மீண்டும் தமிழுக்குப் புரட்டுகிறார். அந்த இரண்டு புரட்டல்களும் தேவையற்றவை.

"வதஷி க கினோ கத்த ஹொன்" என்பதைப் பாருங்கள். வதஷி க – நான். கினோ – நேற்று. கத்த – வாங்கிய. ஹொன் – புத்தகம். நான் நேற்று வாங்கிய புத்தகம். ஒரு சொல்லைக்கூட இடம் மாற்ற வேண்டியதில்லை. பெயரெச்சம் என்று நாம் பள்ளியில் படித்தது இதுதான். "அமெ க ஃபுரு தொ இத்த" என்பதும் அப்படியே: மழை பெய்யும் என்று சொன்னார். தொ இருக்கும் இடத்தில் "என்று" வைத்தால் வாக்கியம் தானே திறந்துகொள்கிறது.

தெ வடிவம் எனப்படும் வினை வடிவத்தை நம் வினையெச்சமாகக் கொள்ளுங்கள். மிரு என்றால் பார்; தபெதெ மிரு என்றால் சாப்பிட்டுப் பார். ஒகு என்றால் வை. கத்தெ ஒகு என்றால் வாங்கி வை. குரு என்றால் வா, இகு என்றால் போ. மொத்தெ குரு, மொத்தெ இகு என்றால் கொண்டு வா, கொண்டு போ. துணைவினையின் நேர்ப்பொருளும் அது ஏற்கும் புதுப்பொருளும் இரண்டு மொழிகளிலும் ஒன்றாக நிற்கின்றன. தெ இரு என்னும் வடிவத்தை ஆங்கில வழியில் கற்றவர் எல்லா இடத்திலும் "செய்துகொண்டிருக்கிறார்" என்றே கொள்வார். கிதெ இரு என்று வரும்போது "வந்துகொண்டிருக்கிறார்" என்று தவறாக எண்ணுவார். வந்திருக்கிறார் என்பதே பொருள். சாப்பிடுதல், ஓடுதல் போல நீடிக்கும் செயலானால் கொண்டிருத்தல். வருதல், இறத்தல், மணமாதல் போல நிலைமாற்றமானால் வந்திருத்தல், இறந்திருத்தல், மணமாகியிருத்தல் என்று தமிழில் சொல்லிப் பார்த்தால் பொருள் பிடிபட்டுவிடும்.

சுட்டுச்சொற்களிலும் இதே உதவி கிடைக்கும். கொகொ, ஸொகொ, அஸொகொ, தொகொ என்னும் நான்கில், ஸொகொ கேட்பவருக்கு அருகில் உள்ள இடம். இங்கே, அங்கே, எங்கே என்ற மூன்றை மட்டும் வழங்குவோருக்கு இது சற்றுப் புதிது. உது, உங்கே என்று உகரச் சுட்டை இன்றும் பேச்சில் வழங்கும் யாழ்ப்பாணத்தாருக்கு அதுவும் எளிது.

இந்த ஒப்புமைகளைக் கண்டு இரண்டு மொழிகளும் உறவுமொழிகள் என்று ஜப்பானிய மொழியியலாளர் ஸுஸுமு ஓனோ வாதிட்டார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. படிப்பவருக்கு அந்த வழக்கின் தீர்ப்பு தேவையில்லை. அமைப்பு ஒத்திருக்கிறது என்பதே போதுமான உதவி.

ஒத்துவராத இடங்களும் உண்டு. அவற்றைத் தெரிந்துகொள்ளாவிட்டால் அதே தமிழ் நம்மைத் தவறான வழியில் இழுத்துச்செல்லும். டோக்கியோவில் வசிக்கிறேன், டோக்கியோவில் சாப்பிட்டேன் என்று இரண்டுக்கும் நாம் "இல்" வைக்கிறோம். ஜப்பானியத்தில் வசித்தல், இருத்தல் ஆகியவற்றுக்கு நி. சாப்பிடுதல் போன்ற செயல் நிகழும் இடத்துக்கு தெ (தங்கம் அல்ல, பந்து என்பதில் வரும் த-வின் ஒலி). வ என்னும் உருபுக்குத் தமிழில் நேர் உருபு இல்லை. பேசவிருக்கும் பொருளை முதலில் நிறுத்தி வைப்பது அதன் வேலை. "அதைப் பொறுத்தவரை" என்றும், எதிர்நிலை தோன்றும் இடத்தில் "அவனோ", "அதுவோ" என்றும் மனத்துக்குள் வாசித்துப் பாருங்கள். வாக்கியம் நீண்டிருந்தால் கடைசி வினையை முதலில் கண்டுபிடித்து, அங்கிருந்து பின்னோக்கி ஒவ்வோர் உருபும் எந்த வினையில் போய் முடிகிறது என்று பென்சிலால் கோடிட்டு இணையுங்கள்.

## யார் யாருக்குச் செய்தார் என்று தெரியவில்லை

தமிழில் வந்தேன், வந்தாய், வந்தாள் என்று வினையே ஆளைச் சொல்லிவிடுவதால் எழுவாயை விட்டுவிடலாம். ஜப்பானியத்தில் வினைக்கு அந்த விகுதி கிடையாது. ஆனாலும் எழுவாயை விட்டுவிடுகிறார்கள். பத்தியின் நடுவில் ஆள் மாறிவிட்டதை அறியாமல் வாசித்துக்கொண்டே போவது இதனால்தான்.

ஆளைக் காட்டும் வேலையை வேறு சொற்கள் செய்கின்றன. கொடுத்தலுக்கு இரண்டு வினைகள் உண்டு. என்னை நோக்கி அல்லது என்னைச் சேர்ந்தவரை நோக்கி வந்தால் குரெரு. பிறரை நோக்கிச் சென்றால் அகெரு. தருதலும் வருதலும் தன்மை, முன்னிலை இடங்களுக்கும், செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கும் உரியவை என்று தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. இன்றைய தமிழில் மங்கிவிட்ட அந்த வேறுபாடு, முன்னிலையைப் பொறுத்தவரை அப்படியே ஒத்துவராவிட்டாலும், குரெருவைத் "தந்தார்" என்றும் அகெருவைக் "கொடுத்தார்" என்றும் வாசிக்கப் போதிய பிடியைத் தருகிறது. வினையெச்சத்தோடு சேரும்போதும் இது பொருந்தும். ஒஷிஎதெ குரெத என்றால் சொல்லித் தந்தார். யாருக்கு என்று எழுதாவிட்டாலும் "எனக்கு" என்பது அதிலேயே இருக்கிறது. ஒஷிஎதெ மொரத்த என்று வந்தால் எழுவாய் திரும்பிவிடும்: நான் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

விருப்பத்தைச் சொல்லும் தை என்னும் விகுதியும் ஆளைக் காட்டும். வினாவாக இல்லாமல் இகிதை என்று வந்தால் போக விரும்புபவர் பேசுபவரே. வினாவாக வந்தால் கேட்பவர். மூன்றாம் ஆளின் விருப்பத்துக்கு வேறு வடிவம் வரும்.

## அகராதியில் அந்தச் சொல்லே இல்லை

அகராதியில் இருப்பது வினையின் மூல வடிவம். பக்கத்தில் இருப்பது திரிந்த வடிவம். தெ வடிவத்திலிருந்து பின்னோக்கிச் செல்ல வேண்டும். த்தெ என்று முடிந்தால் மூல வடிவம் உ, ட்சு, ரு ஆகியவற்றுள் ஒன்றில் முடியும். ன்தெ என்று முடிந்தால் நு, பு, மு. இதெ என்றால் கு. ஷிதெ என்றால் ஸு, அல்லது செய்தலைக் குறிக்கும் ஸுரு. இகு மட்டும் விதிவிலக்காக இத்தெ ஆகும். யொன்தெ என்பது வாசித்து என்றும் அழைத்து என்றும் பொருள்படும். கான்ஜியைப் பார்த்தால் ஐயம் தீரும்.

நீண்ட வினையானால் கடைசியிலிருந்து உரியுங்கள். தபெஸஸெரரெனகத்த என்பதில் னகத்த – இல்லை, இறந்தகாலம். ரரெ – படு. ஸஸெ – வை. தபெ – சாப்பிடு. சாப்பிட வைக்கப்படவில்லை. தமிழிலும் ஒட்டுகள் அதே வரிசையில்தான் வருகின்றன.

கான்ஜியின் ஒலி தெரியாததால் தேட முடியவில்லை என்றால், கைப்பேசியில் விரலால் எழுதித் தேடலாம். கோடுகளின் வரிசையையும் எண்ணிக்கையையும் கருவி கவனிப்பதால், வாயைக் குறிக்கும் சதுரத்தை நான்கு கோடுகளாக அல்லாமல் மூன்று கோடுகளாக எழுத வேண்டும். கணினியில் வாசிப்பவர்கள் யொமிதன் என்னும் உலாவி நீட்சியைச் சேர்த்துக்கொண்டால், Shift விசையை அழுத்திக்கொண்டு சுட்டியைச் சொல்லின் மேல் வைத்தால் மூல வடிவத்தோடு பொருள் தெரியும்.

## எண்ணும் ஆண்டும் வந்தால் நின்றுவிடுகிறது

ஜப்பானிய எண்முறை பத்தாயிரத்தை அலகாகக் கொண்டது. அதன் பெயர் மன். பத்து மன் ஓர் இலட்சம், ஆயிரம் மன் ஒரு கோடி, அடுத்த அலகான ஒகு பத்துக் கோடி. மில்லியன் வழியாகப் போகாமல் நேரே இலட்சத்துக்கும் கோடிக்கும் மாற்றுவதே எளிது. பேரரசர் ஆட்சிக்கால ஆண்டு வந்தால், ரேவா ஆண்டோடு 2018, ஹேசே ஆண்டோடு 1988, ஷோவா ஆண்டோடு 1925 கூட்டுங்கள். டோக்கியோ ஒலிம்பிக் நடந்த ஷோவா 39 என்பது 1964.

## பாடநூல் விளங்குகிறது, வெளியே எதுவும் விளங்கவில்லை

பாடநூல்கள் பெரும்பாலும் மஸு என்று முடியும் பணிவு வடிவத்தில் தொடங்குகின்றன. கதைகளும் நாளிதழ்களும் எளிய வடிவத்தில் எழுதப்படுகின்றன. தபெமஸென் தெஷித என்று பழகியவருக்கு தபெனகத்த என்பது வேறு சொல்லாகத் தோன்றும். இரண்டும் "சாப்பிடவில்லை" தான். கற்ற பாடங்களையே எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசி வினையையும் எளிய வடிவத்துக்கு மாற்றி எழுதிப் பாருங்கள். ஜப்பானியச் சித்திரக்கதையான மங்காவில் தடைபட்டால் காரணம் பெரும்பாலும் பேச்சுச் சுருக்கங்கள்: தெ இரு என்பது தெரு ஆகும், தெ ஷிமத்த என்பது சத்த ஆகும், முதல் எழுத்தை பச்சை என்பதில் வரும் ச்ச-வின் ஒலியோடு வாசிக்க வேண்டும். வந்துகொண்டிருக்கிறேன் என்பது வந்துட்டிருக்கேன் ஆவதைப் போன்ற சுருக்கங்களே இவை. எண்ணிக்கையில் குறைவு என்பதால் ஒரே அமர்வில் பட்டியலிட்டு முடித்துவிடலாம்.

பக்கத்துக்குப் பத்துச் சொற்களைத் தேட வேண்டியிருந்தால் அந்த நூல் இன்னும் உங்களுக்கு உரியதன்று. கற்பவர்களுக்கென்றே நிலை பிரித்து எழுதிய ததோகு நூல்கள் இலவசமாகவும் கிடைக்கின்றன. அகராதி பார்க்காமல் வாசிப்பது, விளங்காததைத் தாண்டிச் செல்வது, கடினமானால் வேறு நூலை எடுப்பது ஆகியவை அந்த முறையின் விதிகள். அடுத்த படியாக ஜப்பானியப் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கே எளிய ஜப்பானியத்தில் வெளியிடும் செய்திகளை ஃபுரிகனாவோடு வாசிக்கலாம். ஒரே செய்தியை முதல் நாள் ஃபுரிகனாவோடும், மறுநாள் அதை மறைத்தும், பிறகு ஒலியை மட்டும் கேட்டும் பாருங்கள். மூன்றில் எங்கே தடைபடுகிறதோ, அந்த வாரத்துக்கு உரிய பயிற்சி அதுவே.